4. செப்புக் காசு: முதலில் தோலைப் பாருங்கள்

செப்புக் காசு சேர்ப்பவர்களோடு பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், கடைசியில் ரஷ்யாவில் போய் நிற்பார்கள். பேரரசி இரண்டாம் காத்தரின் காலத்து ஐந்து கோப்பெக் காசு ஒன்றின் எடை 51 கிராம். ஒரு பூட் செம்பில், அதாவது 16.38 கிலோவில், 16 ரூபிளுக்குக் காசு அடிக்க வேண்டும் என்பது அன்றைய கணக்கு. இரண்டு ரூபிள் கூலியை ஐந்து கோப்பெக்குகளாக வாங்கிய ஆள் நாற்பது காசுகளை, இரண்டு கிலோவுக்கு மேல் செம்பை, வீடு வரை சுமந்து போயிருப்பான். அந்தக் கனத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவருக்கு ஆசை விடாது.

ஆனாலும் ஈப்போ சிலிபினில் உட்கார்ந்துகொண்டு ரஷ்யச் செம்பில் கைவைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்காவது வேண்டாம். நல்ல செம்பையும் கெட்ட செம்பையும் பிரித்தறியக் கண் பழக வேண்டும். படம் பார்த்து அது வராது. நூற்றுக்கணக்கில் காசுகளை எடுத்துத் திருப்பிப் பார்த்தால்தான் வரும். ஈப்போவில் அப்படி அள்ளிப் பார்க்கக் கிடைப்பவை நீரிணைக் குடியேற்றங்களின் காசுகளும் மலாயாக் காசுகளும்தான். விலையும் கையைக் கடிக்காது. தேய்ந்த ஒரு சதுரக் காசை ஒரு தே தாரிக் விலைக்கு வாங்கிவிடலாம். இதில் பழகிய கண் பிறகு எந்த நாட்டுச் செம்புக்கும் உதவும்.

இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியமும் அல்ல. பீட்டர்ஸ்பர்க் நாணயச்சாலைக்கு நீராவி எந்திரங்களை அனுப்பியவர் பர்மிங்காம் மேத்யூ போல்டன். அவருடைய சோஹோ ஆலைதான் மதராசுக்காக 1803லும் 1808லும் கிழக்கிந்தியக் கம்பெனியின் 10 காசு, 20 காசுச் செம்புகளை அடித்துக் கொடுத்தது. நம் காசுகளை அடித்த கல்கத்தா நாணயச்சாலையின் எந்திரங்களும் போல்டன், வாட் நிறுவனத்தினுடையவை. 1850ல் சோஹோ ஆலையின் எந்திரங்கள் ஏலத்துக்கு வந்தபோது வாங்கியவர்களில் ஒருவர் ரால்ஃப் ஹீட்டன். நீரிணைக் காசுகள் சிலவற்றில் ஆண்டின் அருகே சின்னதாக ‘எச்’ எழுத்து இருக்கும். அது அந்த ஹீட்டன் ஆலையின் முத்திரை.

எவற்றைச் சேர்ப்பது?

வரிசை நீளமானதல்ல. பினாங்குக்கென்று கம்பெனி அடித்த 1810, 1825, 1828 செம்புகளை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். நல்ல நிலையில் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். சேவல் காசுகளும் அப்படித்தான். ஒரு பக்கம் சேவலும் ஜாவியில் ‘தானா மெலாயு’ என்ற எழுத்தும், மறுபக்கம் ‘சத்து கெப்பிங்’, ஹிஜ்ரி 1247 என்ற ஆண்டும் இருக்கும். சிங்கப்பூர் வணிகர்கள் பர்மிங்காமில் சொல்லி அடிக்கவைத்த தனியார் காசுகள் இவை. பார்க்க அழகு, அதனாலேயே போலிகளும் நிறைய.

தொடங்க வேண்டிய இடம் 1845. அந்த ஆண்டு பொறித்த கால் காசு, அரைக் காசு, ஒரு காசு மூன்றும் கல்கத்தாவில் அடிக்கப்பட்டவை. விக்டோரியாவின் தலைச் சித்திரம் வில்லியம் வையன் செய்தது. இவை டாலரின் நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில் புழக்கத்துக்கு வந்தன. ரூபாய், அணாக் கணக்கு இங்கே எடுபடவில்லை. 1855ல் இந்தியச் செம்பையும் இங்கே செல்லுபடியாக்கச் சட்டம் போட்டபோது சிங்கப்பூர் வணிகர்கள் கொதித்தெழுந்தார்கள். கல்கத்தாவின் ஆட்சியிலிருந்து எங்களைப் பிரித்துவிடுங்கள் என்று அவர்கள் எழுப்பிய குரலுக்குச் செப்புக் காசும் ஒரு காரணம். 1862ல் ‘இந்தியா ஸ்ட்ரெய்ட்ஸ்’ என்று பொறித்து இன்னொரு முறை அடித்தார்கள். 1867 ஏப்ரல் 1 அன்று நீரிணைக் குடியேற்றங்கள் லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போயின. 1872 முதல் காசிலும் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்’ என்றே வந்தது. 1880களில் தனிச் செம்பு போய், ஈயமும் துத்தநாகமும் கொஞ்சம் கலந்த வெண்கலம் வந்தது. சேகரிப்பவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் ‘செம்பு’ என்றுதான் சொல்வார்கள், இந்த நூலிலும் அப்படியே.

ஏழாம் எட்வர்டின் காசுகள் 1903 முதல் 1908 வரை. இவற்றில் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் போதும், ஆண்டு ஆண்டாகத் தேடி அலைய வேண்டாம். கால் காசு 1916ஓடு முடிந்துபோனது.

இனி வருவது தோட்டத்துக் காசு. ஐந்தாம் ஜார்ஜின் சதுர ஒரு காசு 1919, 1920, 1926 ஆகிய ஆண்டுகளில் வந்தது. சதுர அரைக் காசு 1932ல். ஆறாம் ஜார்ஜின் சதுரக் காசு 1939, 1940, 1941. 1920களின் கடைசியில், போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வைத்திருந்தார்கள். 1930ல் ரப்பர் விலை விழுந்ததும் அதை 40, 32 என்று குறைத்தார்கள். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்று, மரம் சீவி, பால் எடுத்துக் கொட்டிய பெண்ணுக்கு அன்று முப்பத்திரண்டு சதுரக் காசு. கடைக்காரர் கல்லாவுக்கும் லயத்துக்குமாக அலைந்து அலைந்துதான் இவற்றின் மூலைகள் மழுங்கின. அந்தக் காசிலேயே ‘கிங் அண்ட் எம்பரர் ஆஃப் இந்தியா’ என்றும் பொறித்திருக்கும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவரையும் அதே அரசர்தான் இங்கும் அங்கும் ஆண்டார்.

1943, 1945 ஆகிய ஆண்டுகளில் வந்த சதுரக் காசு அளவில் சிறுத்து எடையும் குறைந்தது. இந்த 1943 காசை வைத்துச் சிலர் கதை விடுவார்கள்: “ஜப்பான்காரன் காலத்துல எங்க தாத்தா கையில இருந்த காசு, பாஸ்!” நம்பாதீர்கள். 1941 டிசம்பர் கடைசியிலேயே ஈப்போ ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. கடையில் புழங்கியது வாழைமர நோட்டு. 1943 என்று பொறித்த பிரிட்டிஷ் காசு போர் முடிந்த பிறகுதான் இந்த மண்ணுக்கு வந்திருக்க முடியும். காசு நல்லதாக இருந்தால் வாங்குங்கள், கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

‘மலாயா அண்ட் பிரிட்டிஷ் போர்னியோ’ என்று எலிசபெத் தலையோடு வந்த சதுரக் காசின் ஆண்டுகள் 1956, 1957, 1958, 1961. மெர்டேக்கா வந்து நான்கு ஆண்டு கழித்தும் காசில் அரசியின் தலை! 1962ல் சதுரம் போய் வட்டம் வந்தது, தலைக்குப் பதில் குறுக்காக வைத்த இரண்டு கிரிஸ்கள். 1967ல் நாடாளுமன்றக் கட்டடம் போட்ட ஒரு சென். 1970களில் அதுவும் எஃகின்மேல் செம்பு பூசிய காசாக மாறியது. 2008 ஏப்ரலில் கடைக் கணக்கை ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டும் முறை வந்தபின் ஒரு சென்னைக் கடைத்தெருவில் காணோம். சரவாக்கின் புரூக் ராஜாக்கள் காசும் வட போர்னியோவின் காசும் தனி உலகம். அங்கே போனால், சரவாக்கின் 1941 ஒரு காசை யாராவது மலிவாக நீட்டினால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அந்த ஆண்டுக் காசு அவ்வளவு அரிது, போலி அவ்வளவு எளிது.

தோல்

ஆண்டும் அரசரும் பட்டியலில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். செம்பில் நீங்கள் பணம் கொடுப்பது மேற்பரப்புக்கு. இரண்டு 1920 காசுகளில் ஒன்று எச்சில் துப்பத் தகாது, இன்னொன்று பத்து மடங்கு விலைக்கும் மலிவு. இரண்டுக்கும் வித்தியாசம் தோலில்தான்.

காசின் ஓரத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். முகத்தில் விரல் படக் கூடாது. வியர்வையின் உப்பு செம்பில் விரல்ரேகையைப் பொறித்துவிடும், அப்புறம் போகாது. காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும் ஜன்னலோரம் நின்று காசை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பத்து மடங்கு உருப்பெருக்கி போதும், முப்பது மடங்கெல்லாம் வேண்டாம். புதிதாக அடித்த செம்பு இளஞ்சிவப்பு. காற்றுபட்டு அது முதலில் ஆரஞ்சுப் பழுப்பாகும், பிறகு காப்பி நிறம், பிறகு கரும்பழுப்பு. கை படாமல் வயதான காசில் இந்த மாற்றம் சீராக இருக்காது. எழுத்துகளின் இடுக்கில், முடியிழைகளுக்கு நடுவில், எண்ணின் வளைவுக்குள் பழைய சிவப்பு கொஞ்சம் ஒளிந்திருக்கும். மேடான இடம் இருண்டும் பள்ளம் சிவந்தும் இருந்தால் அது இயற்கை. காசு முழுக்க ஒரே சிவப்பாக, பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே பளபளப்பாக இருந்தால் யாரோ துலக்கியிருக்கிறார்கள்.

துலக்கியது யார் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். பொங்கலுக்கு முன்பு செப்புக் குடமும் குத்துவிளக்கும் புளி போட்டுத் தேய்க்கப்படும். அதே கையோடு சாமி அறையில் இருந்த காசுக்கும் ஒரு தேய்ப்பு. புளியின் அமிலம் நூறு ஆண்டுத் தோலை ஒரு நிமிடத்தில் கழற்றிவிடும். புளி கழற்றும் அந்தப் பழுப்பு, செம்பு தன்னைக் காத்துக்கொள்ளப் போட்டுக்கொண்ட போர்வை. அது போனால் காசு மறுபடி கண்டபடி கறுக்கும், திட்டுத் திட்டாக. பிராஸோ போட்டவர் இன்னும் மோசம், உருப்பெருக்கியில் மெல்லிய கீறல்கள் வட்டம் வட்டமாகத் தெரியும். இப்படிக் கெட்டதைச் சரிசெய்ய வழியில்லை. வீட்டில் சொல்லிவையுங்கள்: குடத்தைத் துலக்கட்டும், காசைத் தொட வேண்டாம்.

பச்சை இரண்டு வகை. கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையில் படிந்திருப்பது பழைய படிவு. அது தன்பாட்டுக்கு இருக்கும். நகத்தால் தொட்டால் விபூதிபோல உதிரும் இளம்பச்சை வேறு. செம்புக்குள் புகுந்த குளோரைடு உப்பு ஈரத்தைக் குடித்துக் குடித்துக் காசை உள்ளிருந்து அரிக்கிறது என்று பொருள். இதை வாங்காதீர்கள். ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் மற்றக் காசுகளிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் தனியே வையுங்கள். சில வாரம் கழித்துப் பாருங்கள். மறுபடி பொடி பூத்திருந்தால் நோய் உயிரோடு இருக்கிறது.

கோயில் வேண்டுதலுக்காக மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசுகள் நம் வீடுகளில் அடிக்கடி கிடைக்கும். அவிழ்க்கும்போது அவசரப்படாதீர்கள். துணி இழை செம்பின் பச்சையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் தோலும் வரும். வடிநீரில் ஒரு நாள் ஊறவிட்டு, இழை தானாக விட்டபின் எடுங்கள். மஞ்சள் கறை கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும். ஓட்டை போட்ட காசுகளும் வரும், குழந்தையின் அரைஞாணில் கோத்துக் கட்டியவை. சந்தையில் அவற்றுக்கு மதிப்பில்லை. என் கருத்தைக் கேட்டால், யார் வீட்டுக் குழந்தைக்கு எந்தத் தோட்டத்தில் கட்டியது என்ற விவரத்தோடு கிடைக்கும் ஓட்டைக் காசை, விவரம் இல்லாத நல்ல காசைவிட முன்னால் வாங்குவேன்.

செய்யத்தக்க துப்புரவு இரண்டே இரண்டு. மண்ணும் அழுக்கும் இருந்தால் வடிநீரில் ஊறவைத்து, நனைத்த மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளி, பஞ்சால் ஒற்றி உலர்த்துவது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரின் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கும் பிளாஸ்டிக் பசையும் இருந்தால் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுப்பது. நகப்பூச்சு நீக்கும் திரவம் அதற்கு மாற்றல்ல, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அசிட்டோன் பற்றிக்கொள்ளும், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் எட்டவே வைத்துச் செய்யுங்கள்.

வைக்கும் இடம்

நம் காற்றில் ஈரம் அதிகம். கிந்தா பள்ளத்தாக்கில் மாலை மழைக்குப் பிறகு அலமாரிக்குள் கைவிட்டாலே தெரியும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் பெரும்பாலானவை பிவிசி. ஓரிரு ஆண்டில் அவை காசின்மேல் பச்சைப் பசையைக் கசியவிடும். முகர்ந்து பாருங்கள், புது மழைக்கோட்டு வாடை வந்தால் வேண்டாம். மைலார் ஜன்னல் வைத்த அட்டை உறை நல்லது. அட்டையை மூடும் குத்தூசியின் முனை பக்கத்துக் காசைக் கீறாமல் இடுக்கியால் தட்டிவிடுங்கள். தேக்குப் பெட்டி, பழைய பிஸ்கட் டின், செய்தித்தாள் எதுவும் ஆகாது.

ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டவே கூடாது. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். அது செம்பைக் கறுப்பாக்கும், பேண்ட் இருந்த இடத்தில் கோடு விழும். தோட்டத்துக் காசைத் தோட்டத்துப் பொருளே கெடுப்பது வேடிக்கைதான், ஆனால் அந்தக் கறுப்புக் கோட்டோடு எத்தனையோ காசு வருகிறது.

வாங்குமுன்

ஈப்போவில் ஞாயிறு காலைகளில் கூடும் பசார் காராட்டில் தட்டு தட்டாகக் காசு கிடக்கும். சீக்கிரம் போங்கள், வெயில் ஏறினால் கண் கூச்சத்தில் நிறம் தெரியாது. சட்டைப்பையில் மூன்று பொருள் இருக்கட்டும்: உருப்பெருக்கி, கைக்கடக்கமான மின்தராசு, சிறு காந்தம்.

1845 முதல் விக்டோரியா காலம் முடியும் வரை ஒரு காசின் எடை 144 கிரெய்ன், 9.3 கிராமை ஒட்டி. அரைக் காசு அதில் பாதி, கால் காசு கால்பங்கு. தேய்ந்தது கொஞ்சம் குறையும், எடை கூடினால் சந்தேகப்படுங்கள். வார்ப்புப் போலியின் விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் இரண்டு பாதி சேர்ந்த கோடு தெரியும், அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். தரையில் ஊசிமுனைக் குழிகளும் இருக்கும், எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்காது. காந்தம் இழுத்தால் அது செம்பும் அல்ல, வெண்கலமும் அல்ல. 1970களில் மாறியபின் வந்த ஒரு சென் மட்டும் எஃகு என்பதால் ஒட்டும், அது போலியல்ல.

காந்தத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அனுமார், ராமர் பட்டாபிஷேகம், தாமரை போன்ற உருவங்களோடு ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஹாஃப் அணா, 1818’ என்று பொறித்த காசுகளை நம்மவர்களுக்கென்றே கொண்டுவந்து காட்டுவார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. எல்லா மாகாணங்களுக்கும் பொதுவான செப்பு அரை அணா வந்ததே 1835ல். இவை பிற்காலத்தில் செய்த பொம்மைகள், சாமி அறையில் வைத்துக் கும்பிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ‘அரிசியை இழுக்கும் காசு’, ‘இடி விழுந்த செம்பு’, ‘வெளிநாட்டுக் கம்பெனி கோடி கொடுக்கும்’ என்று பேச்சு திரும்பினால் எழுந்துவிடுங்கள். ‘ரைஸ் புல்லர்’ மோசடி என்று தமிழ்நாட்டுப் போலீஸ் பல ஆண்டுகளாக வழக்குப் போட்டு வருவது இதற்குத்தான். அரிசியில் இரும்புத்தூளைப் பூசி, காசுக்கடியில் காந்தத்தை ஒளித்து வைத்தால் அரிசி நகரும். முதலில் ‘பரிசோதனைச் செலவு’ என்று கேட்பார்கள், பிறகு கேட்டுக்கொண்டே இருப்பார்கள். உங்கள் வீட்டு அரிசியை நீங்களே கொண்டுபோய்ப் போடுங்கள், ஒரு மணியும் அசையாது.

சந்தையைவிட நல்ல காசு வீடுகளில் இருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டபோதும், பின்னால் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோதும் லயத்தைக் காலி செய்து சிலிபின், புந்தோங் பக்கம் வந்த குடும்பங்களின் டிரங்குப் பெட்டிக்குள் தேடாமலே கிடக்கிறது. “இதை வச்சு என்ன தம்பி செய்யப் போறே?” என்று கேட்கும் ஆயாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். சந்தை விலை என்னவென்று நீங்களே முதலில் சொல்லிவிட்டு அப்புறம் வாங்குங்கள். அது எந்தத் தோட்டம், யார் வைத்திருந்தது என்று கேட்டு அன்றே எழுதிக்கொள்ளுங்கள். அட்டை உறையின் ஓரத்தில் பென்சிலால், எடையும் சேர்த்து. பேனா மை கசியும்.

பணம் பெரிதாகப் போகுமுன் நல்ல காசு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். கோலாலம்பூர் சாசானா கிஜாங்கில் பேங்க் நெகாராவின் அருங்காட்சியகத்தில் நாணயக்கூடம் உண்டு. தைப்பிங்கில் 1883 முதல் இருக்கும் பேராக் அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள், ஈய நாட்டின் வரலாறு தெரியாமல் அதன் சில்லறை புரியாது. வாங்க வேண்டிய ஒரே நூல் சரண் சிங் தொகுத்த மலேசிய, சிங்கப்பூர், புருணை நாணயக் களஞ்சியம். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. விலையைப் பார்க்காதீர்கள், அது பழசாகிவிடும். எடை, அச்சு வேறுபாடு, ஆண்டு வரிசை இவற்றுக்காகப் பாருங்கள்.

கடைசியாகத் தோண்டுவது பற்றி. பழைய லயம் இருந்த இடத்திலும் ஈயக் குட்டை ஓரத்திலும் உலோகம் காட்டும் கருவியோடு போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். நிலம் யாருடையதோ அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் கால் வைக்காதீர்கள். சீவிய மரத்தடியில் விழுந்த ஒற்றைச் சதுரக் காசு வேறு. ஆனால் பானையில் புதைத்த குவியலோ, பழமையான பொருள் என்று தோன்றும் எதுவோ கிடைத்தால் அதை எடுத்துக் கழுவிப் பிரித்துப் பங்குபோட உங்களுக்கு உரிமையில்லை. 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். கிடந்த இடத்தைக் கலைக்காமல் படம் எடுத்து, ஆழத்தைக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். சொன்னதற்கு எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.